அம்மா ஏன் சறுக்கிக்கொண்டே இருக்கிறாள்?

"விடு அண்ணா! கையை எடு! அக்குள்ல கை கொடுத்துத் தூக்காதேன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

தோள்பையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அறைக்குள் பாய்ந்தாள் மகள். காலை ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

கட்டிலின் கால்மாட்டில் பாதி படுத்தும் பாதி தொங்கியும் கிடந்தாள் அம்மா. வலது கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்த இடது கால் போர்வைக்குள் சிக்கி, எதையும் தேடாமல் கிடந்தது. அண்ணன் பின்னாலிருந்து அம்மாவின் இரண்டு அக்குள்களிலும் கையைக் கோத்து, மூட்டை தூக்கப் போகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்திருந்தான். அப்பா ஒரு கையால் அம்மாவின் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தபடி, "மெதுவாடா, மெதுவாடா" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் உதட்டில் விசில்.

அது அலறிய அலறலில் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"ஆட்டத்தை நிறுத்து!" என்றாள் அம்மா, விசிலைத் துப்பிவிட்டு. "இவன் என்னைத் தூக்கறானா, தோளைக் கழட்டறானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"நான் ஹெல்ப் பண்றேம்மா!"

"ஒரு தோள்தான் போயாச்சு. மிச்சம் இருக்கற ஒண்ணையாவது விட்டு வைடா."

மகள் கட்டிலின் கைப்பிடியைக் கடகடவென்று சுற்றினாள். நிமிர்ந்திருந்த தலைப்பக்கம் தாழ்ந்து படுக்கை சமமானது. தலை இடிக்காமலிருக்கத் தலையணையை எடுத்துத் தலைமாட்டுக் கம்பியில் சாய்த்தாள். தொங்கிய காலை மேலே ஏற்றி, இரண்டு முழங்கால்களையும் மடக்கி வைத்தாள்.

"தாடையை நெஞ்சோட ஒட்டிக்கோம்மா. அண்ணா, நீ அந்தப் பக்கம் போ. விரிப்போட ஓரத்தைச் சுருட்டி, இடுப்புக்குப் பக்கத்துல பிடி. முதுகை வளைக்காதே, முழங்காலை வளை. அப்பா, நீங்க தள்ளிக்கோங்க, நான் பிடிக்கறேன்."

"இது என் பக்கம்," என்றார் அப்பா. நகரவில்லை.

அவருடன் வழக்காட நேரமில்லை. "சரி, மூணு எண்ணுவேன். மூணுல இழுக்கணும்."

"மூணுன்னு சொல்லும்போதா, சொல்லி முடிச்ச அப்புறமா?" என்றான் அண்ணன்.

"ஐயோ, சொல்லும்போது!"

"நேத்து அப்புறம்னு சொன்னே."

"எப்ப சொன்னேன்?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அம்மா. "விசில் அடிச்சா இழுங்க. ஒரு மைதானம் நிறைய பிள்ளைங்களை ஒண்ணாக் குதிக்க வச்சவ நான். உங்க மூணு பேரை இழுக்க வைக்க முடியாதா?"

விசில் ஒலித்தது. இழுத்தார்கள். ஈரத் தரையில் விட்ட சோப்புக்கட்டி மாதிரி அம்மா சரேலென்று மேலேறி, தலையணையில் மோதி நின்றாள்.

இவ்வளவு சுலபமாகவா?

மகளின் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. அம்மா இளைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை இன்னும் கொஞ்சம் துருவியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவளுக்கு எதையும் துருவ நேரமில்லை.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார்.

*

உண்மையில் அவர் இன்ஸ்பெக்டர் இல்லை. நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியுமா, முடியாதா என்று நேரில் வந்து பார்த்துச் சொல்லும் அலுவலர். இந்த வீட்டில் அவருக்கு அம்மா வைத்த பெயர் அது.

போன வாரம் வந்தவர், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து சிவந்திருந்த இடத்தைப் பார்த்தார். கையிலிருந்த சின்ன டார்ச்சை அணைத்தார்.

"படுக்கைப் புண் ஆரம்பிச்சிருக்கு. சறுக்கிச் சறுக்கித் தோல் தேயுது. அடுத்த வாரம் வர்றேன், அதுக்குள்ள கொஞ்சமாவது ஆறியிருக்கணும். இவங்களை நகர்த்தறதுக்குச் சரியான சாதனமும், உடம்பு நல்லா இருக்கற ரெண்டு பேரும் வீட்டுல இருக்கணும். இல்லேன்னா பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடலாம்," என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தன்மைதான் பயமுறுத்தியது.

இல்லம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு. மணி அடித்தால் அப்பா எழுந்து வந்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவைப் பார்க்க அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் யாருமில்லை.

உடம்பு நல்லா இருக்கற ரெண்டு பேர் என்றால், இந்த வீட்டில் மகளும் அப்பாவும்தான். அண்ணன் வெளியூர்க்காரன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற பெரிய ஷோரூமில் மேனேஜர். லீவு முடிந்தால் போய்விடுவான்.

மழை தொடங்கிய ஒரு காலையில் குளியலறையில் விழுந்தாள் அம்மா. அப்போது அப்பா மட்டும்தான் வீட்டில். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள் என்று அப்பா சொன்னார். பிறகு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, பக்கவாதம். இடது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போன அந்த வியாதி, அம்மாவின் குரலையும் விசிலையும் மட்டும் தொட முடியாமல் திரும்பிப் போயிற்று. விளையாட்டு ஆசிரியையாக ஓய்வு பெற்றவளின் கழுத்தில் அந்த விசில் இன்னும் தொங்குகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விசில். ஜன்னலைச் சாத்த ஒரு விசில். தொலைக்காட்சியில் யாராவது பொய் சொன்னால் நீளமாக ஒரு விசில்.

அப்பா டெய்லர். முன்னறையில் ஜன்னலோரமாக அவருடைய தையல் மெஷின் நிற்கிறது. அம்மா விழுந்ததிலிருந்து அதன் மேல் போட்ட உறை எடுக்கப்படவே இல்லை. எடுக்கப்படவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் வார்டு சிஸ்டர். தினமும் புதிய நர்ஸுகளைக் கூப்பிட்டு, நோயாளியைத் தூக்காதீர்கள், நகர்த்துங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறவள். அவள் சொன்னால் வார்டே கேட்கும். வீட்டில் பூனைகூடக் கேட்காது.

அதைவிட எரிச்சல், இந்தச் சறுக்கல். வார்டிலும் நோயாளிகள் சறுக்குவார்கள். ஆனால் இப்படியா? மேலே ஏற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய் வந்தால், அம்மா கால்மாட்டில். மெத்தையை மாற்றிப் பார்த்தாள்; அதன் மேல் விரித்தது வழக்கம்போல அப்பாதான். தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துப் பார்த்தாள். சாய்வைக் குறைத்துப் பார்த்தாள். கட்டிலே ஒரு பக்கம் சரிந்திருக்கிறதோ என்று தரையில் கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தாள். குண்டு நின்றது. அம்மா நிற்கவில்லை.

அம்மாவை இழுத்து நகர்த்துவதற்கென்று அவள் வாங்கி வந்த ஸ்லைடு ஷீட் பிரித்த கவரோடு அலமாரியில் கிடந்தது. அதை எடுத்தாலே அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "துணி விஷயத்துல எனக்குப் பாடம் எடுக்காதே. படுக்கை விரிக்கறது என் வேலை. நீ மருந்து மாத்திரையைப் பாரு, போ."

*

"இங்க பாரு சிஸ்டர்," என்றான் அண்ணன், சமையலறையில். வார்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று அவனும் அப்படித்தான் கூப்பிடுவான், முழுக்க முழுக்கக் கிண்டலாக. "இனிமே இழுக்கற வேலையே கிடையாது. கூடத்துல நிக்குது பாரு என் ஆளு!"

கூடத்தில் நீல நிறத்தில், ஒட்டகக் கழுத்து மாதிரி வளைந்த கையோடு, ஒரு இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. நோயாளியைத் தொட்டில் மாதிரி ஒரு துணியில் உட்கார வைத்து, மோட்டாரால் தூக்குகிற லிஃப்ட். காலையில்தான் வந்து இறங்கியிருந்தது.

"ரிமோட் இருக்கு. சக்கரத்துக்கு லாக் இருக்கு. மோட்டார் சத்தமே வராது. யானையைக்கூடத் தூக்கும்."

"மெதுவாப் பேசு, அம்மா காதுல விழப்போகுது."

"விழுந்தாச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, லிஃப்ட் வேண்டாம்னு சொல்லல. நாற்காலிக்கு மாத்த அது வேணும். ஆனா அம்மா சறுக்கற ஒவ்வொரு தடவையும் கிரேன் கட்டி ஏத்துவியா? அந்த வேலைக்கு ஸ்லைடு ஷீட்தான். அடியில விடணும், இழுக்கணும், உடனே உருவிடணும்."

"ரெண்டு வேலைக்கும் ஒரே மெஷின் போதும்னா எதுக்கு ரெண்டு? எங்க ஷோரூம்ல..."

"அம்மா உன் ஷோரூம் கஸ்டமர் இல்ல!"

"ஏன் உருவணும்?"

கேட்டது அப்பா. அவர் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. இடது கையில் டீ கப்.

"என்னப்பா?"

"இல்ல... அந்த ஷீட்டை ஏன் உருவணும்? அங்கேயே கிடந்தா என்ன? ஒவ்வொரு தடவையும் அவளைப் புரட்டி உள்ள விட வேண்டாம்ல?"

"கிடந்தா வழுக்குமேப்பா! வழுக்கறதுக்குன்னே செஞ்ச துணி அது. உள்ளேயே விட்டுட்டா, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினாலே ஆள் தானா கீழே இறங்கிடுவாங்க. தோலெல்லாம் தேய்ஞ்சு புண்ணாயிடும். அட்டை மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

அப்பா டீ கப்பை மேடையில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

"நான் போய் விரிப்பை மாத்திடறேன்," என்றார்.

"காலையிலதானே மாத்தினீங்க?"

"இன்ஸ்பெக்டர் வர்றாங்களே. நல்லதா ஒண்ணு போடறேன்."

அவர் போன வேகத்தைப் பார்த்து மகளுக்குச் சிரிப்புதான் வந்தது. புண்ணைப் பார்க்க வருகிறவருக்குப் புது விரிப்பாம். ஆஸ்பத்திரி வாடை போகக் குளித்துவிட்டு வந்து, அம்மாவை ஒழுங்காக மேலே நகர்த்தி, புண்ணுக்கு மருந்து போட்டு, இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்லைடு ஷீட்டைப் போட்டுக் காட்டி... எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள்.

குளியலறைக் கதவைத் தாழிடும்போது, அண்ணனின் உற்சாகமான குரல் கேட்டது. "விரிப்பு மாத்தணுமா? நீங்க ஏம்பா கஷ்டப்படறீங்க? நான் அம்மாவை லிஃப்ட்ல தூக்கறேன், நீங்க ஜம்முனு மாத்துங்க!"

தலையில் தண்ணீர் ஊற்றிய சத்தத்தில் அது அவள் காதில் சரியாக விழவில்லை.

*

முகத்தில் சோப்போடு நின்றபோது விசில் சத்தம் வந்தது.

தண்ணீருக்கான விசில் இல்லை. ஜன்னலுக்கான விசில் இல்லை. மைதானத்தில் யாருக்கோ கால் முறிந்தால் ஊதுகிற விசில். நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது.

ஈரத் தலையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அம்மா அந்தரத்தில் இருந்தாள்.

கட்டிலுக்கு மேலே, நீலத் தொட்டில் துணிக்குள், முழங்கால்கள் மூக்கைத் தொடுகிற மாதிரி மடங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். அவள் இடது கை துணிக்கு வெளியே நழுவித் தொங்கியது. தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ரிமோட்டை மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஏறுச்சு! நல்லாத்தான் ஏறுச்சு! இறங்க மாட்டேங்குது!"

மகள் பாய்ந்து அம்மாவின் கழுத்துக்கு ஒரு கையும், தொங்கிய தோளுக்கு மறு கையும் கொடுத்துத் தாங்கினாள். "ஆடாம அந்தக் காலைப் பிடி! பேட்டரி சார்ஜ் போட்டியா?"

அண்ணன் ரிமோட்டைப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்தான்.

"உன் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் முதல் வார்த்தை என்ன சொல்லுவே?"

"முதல்ல ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டுதான் யூஸ் பண்ணணும்னு..."

"போட்டியா?"

"சார்ஜர் கார்லயே இருக்கு."

"இவன்கிட்ட ஃபிரிட்ஜ் வாங்கினவங்க எல்லாம் எப்படி இருக்காங்களோ," என்றாள் அம்மா மேலேயிருந்து. "ஏண்டி, என்னை இறக்கறீங்களா, இல்ல ஃபேனோட சேர்த்துத் துடைக்கப் போறீங்களா?"

"இதோம்மா. ஒரு நிமிஷம் பொறு. அண்ணா, தூணுல சிவப்பா ஒரு வளையம் இருக்கும். அதை மேலே இழுத்தா தானா மெல்ல இறங்கும். எங்க இருக்கு?"

வளையம் தூணின் பின்பக்கம், தோள் உயரத்தில் இருந்தது. அவசரத்தில் அண்ணன் இயந்திரத்தைக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தான். தூணுக்கும் அலமாரிக்கும் இடையே ஓர் இடுக்குதான் மிச்சம். அண்ணன் நுழையப் பார்த்தான். தொப்பை அலமாரிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது.

"உன்னால முடியாது, வந்து காலைப் பிடி. அப்பா! நீங்கதான் ஒல்லி. இந்த இடுக்குல பக்கவாட்டுல நுழைஞ்சு வளையத்தை இழுங்க. அப்பா?"

அப்பா அசையவில்லை. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, லிஃப்டைப் பார்க்கவில்லை. படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் பார்த்தாள்.

தொட்டில் துணியின் கொக்கி ஒன்று படுக்கை விரிப்பில் மாட்டிக்கொண்டு, அம்மா மேலே போனபோது அதையும் உருவிக்கொண்டு போயிருந்தது. விரிப்பு அம்மாவுக்குக் கீழே கொடி மாதிரி தொங்கியது. மெத்தை திறந்து கிடந்தது.

மெத்தை வெள்ளையாக இல்லை. கருஞ்சிவப்பில் பளபளத்தது.

கோட்டுக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்த லைனிங் துணி. மெத்தையின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டி, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து, முறுக்கென்று மாட்டப்பட்டிருந்தது. மகள் முழங்கையை அதன் மேல் வைத்தாள். முழங்கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அப்பா... இது என்ன?"

"லைனிங்."

"அது தெரியுது! இது ஏன் இங்க இருக்கு?"

"நீ வாங்கிட்டு வந்தியே ஒண்ணு, அதைப் பார்த்துத்தான்." அப்பாவின் குரல் தேய்ந்தது. "அதுல ஓரம்கூட மடிச்சுத் தைக்கல. பிசிறு பிசிறா இருந்தது. போட்டா ஒரு இடத்துல நிக்காது, நகர்ந்துக்கிட்டே இருக்கும்னு... நான் ஒழுங்கா அளவெடுத்து... அசையாம இருக்க எலாஸ்டிக் வச்சு..."

"அது நகரணும்பா! நகரத்தான் அதைச் செஞ்சிருக்கான்! இழுத்துட்டு உருவி எடுக்கத்தான்!"

"எனக்குத் தெரியாதும்மா. இப்ப சமையல்கட்டுல நீ சொன்னப்பதான் தெரிஞ்சது. அதான் எடுத்துடலாம்னு ஓடி வந்தேன்."

மகளுக்குச் சிரிப்பதா, தலையை அலமாரியில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மெத்தையை மாற்றினாளே, சாய்வைக் குறைத்தாளே! தரையில் குண்டு உருட்டினாளே! அத்தனை நாளும் அம்மா சறுக்குமரத்தின் மேல் படுத்திருந்திருக்கிறாள். வாயில் வந்ததை அடக்க முடியவில்லை.

"ஊரெல்லாம் இருக்கற சாதனத்தைத் தேடித் தேடிப் பார்க்கறேன், நீங்க அடியில சறுக்குமரம் போட்டு வச்சிருக்கீங்க! அந்தப் புண்ணை வளர்த்ததே இதுதாம்பா!"

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"அவரைத் திட்டாதேடி," என்றாள் அம்மா. விசில் நெஞ்சின் மேல் கிடந்தது. "வழுக்குதுன்னு எனக்குத் தெரியும். அவர் ஒரு இழு இழுத்தா நான் மேலே போயிடுவேன். அவருக்குச் சிரமமில்லாம இருந்துச்சு. அதான் நானும் வாயைத் திறக்கல."

"சிரமமில்லாமன்னா? அப்பா என்ன கிழவரா? போன வருஷம் மெஷினையே தனியாத் தூக்கி ஜன்னலோரம் வச்சாரு!"

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

மகளின் பார்வை திரும்பவும் துணிக்குப் போயிற்று. ஏதோ ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நிறமில்லை, எலாஸ்டிக் இல்லை. ஓரத் தையல்.

அப்பாவின் தையல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அவளுடைய சீருடையைத் திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இந்தத் தையல் குடிகாரன் நடந்த பாதை மாதிரி போயிருந்தது. ஓர் இடத்தில் ஓரத்தை விட்டே இறங்கி, பிறகு ஞாபகம் வந்தது போலத் திரும்பி ஏறியிருந்தது.

"அப்பா, இதைத் தைச்சது யாரு?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

அண்ணன் அம்மாவின் காலைப் பிடித்தபடி அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன கேக்கறே நீ? ஏன், அப்பா கைக்கு என்ன?"

"உள்ளே வரலாமா?"

வாசல் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். வேலை முடிந்து ஓடி வந்த அவசரத்தில் மகள் வாசல் கதவைச் சாத்த மறந்திருந்தாள்.

அறை வாசலில், கையில் சின்ன டார்ச்சோடும் தோளில் பையோடும் இன்ஸ்பெக்டர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

*

அவர் கத்தவில்லை. பையைக் கீழே வைத்தார். அந்தரத்தில் தொங்கும் ஆளைப் பார்த்தார். பளபளக்கும் மெத்தையைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நிற்கும் நர்ஸைப் பார்த்தார்.

"பேட்டரியா?"

"ஆமாம்," என்றான் அண்ணன், ஸ்கூல் பையன் குரலில்.

"நடக்கறதுதான். யாரும் பதறாதீங்க. சிஸ்டர், நீங்க தலையை விடாதீங்க. தம்பி, நீங்க காலை விடாதீங்க. ஐயா..." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "போன தடவை நீங்களும் உங்க பொண்ணும்தான் பார்த்துக்கறதாச் சொன்னீங்க, இல்லையா? அந்த இடுக்குல போய் வளையத்தை இழுங்க. மெல்ல இறக்கிடலாம்."

தன்மையாகத்தான் சொன்னார்.

அப்பா இடுக்கில் நுழைந்தார். அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, பக்கவாட்டில், நண்டு மாதிரி. அப்படி நுழைந்தவருக்கு வலது கைதான் வளையத்தின் பக்கம் வந்தது. இடது கை சுவரோடு அடைபட்டுக்கொண்டது.

வலது கை எழும்பியது. இடுப்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

அப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்தது. அவர் உடம்பை வளைத்து, தோளையே மேலே தள்ளிப் பார்த்தார். விரல்கள் காற்றில் துழாவின. வளையம் அவருடைய கண்ணுக்கு நேரே, எட்டாத தூரத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

உடம்பு நல்லா இருக்கற ரெண்டு பேர். மகளின் காதுக்குள் அது திரும்பத் திரும்ப ஒலித்தது. கையை எடுத்து அப்பாவிடம் ஓட முடியாது. அம்மாவின் தலை அவள் உள்ளங்கையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா அப்பாவின் தோளையே பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"தூசி," என்றார் அப்பா. "கண்ணுல தூசி விழுந்துடுச்சு. இருங்க. இழுத்துடறேன்."

விசில் ஒலித்தது.

நீளமாக, ஒரே மூச்சில். தொலைக்காட்சியில் யாராவது பொய் சொன்னால் ஊதுவாளே, அந்த விசில்.

"போதும். வெளியே வாங்க," என்றாள் அம்மா.

"வேண்டாம் டீச்சர்." ஊரே கூப்பிட்டதால் அப்பாவும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார். இப்போது அந்த வார்த்தை கெஞ்சியது. "எதுவும் சொல்லாதே. உன்னைக் கொண்டு போயிடுவாங்க."

"கொண்டு போகட்டும். இன்னொரு தடவை அந்தக் கையைத் தூக்கினீங்கன்னா, இறங்கி வந்து உதைப்பேன்."

அம்மா அந்தரத்தில் ஆடியபடியே இன்ஸ்பெக்டர் அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்த முகத்தை மகள் தன் கையில் தாங்கியிருந்தாள். அது நடுங்கியது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

"நீங்க பார்க்கறது சரிதான். இவருக்கு வலது கை எழும்பாது. இடது கையால சாப்பிடறாரு, இடது கையால வெட்டித் தைச்சதுதான் இந்தத் துணி. ஒத்தைக் கையால என்னை இழுக்கணும்ல, அதுக்கு."

"எப்பலேருந்தும்மா?" மகள் இடுக்குப் பக்கம் திரும்பினாள். "எப்பலேருந்து இப்படி?"

"நான் குளியலறையில விழுந்த அன்னிக்கு, பக்கத்து வீட்டுலேருந்து ரெண்டு பேர் வந்து தூக்கினாங்கன்னு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

அப்பா இடுக்கிலிருந்து வெளியே வரவில்லை. எதிரே இருந்த தூணில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"யாரும் வரலடி. இவர் ஒருத்தர்தான் என்னைத் தூக்கினாரு."